வட்டம் மூடாமலே இருக்கட்டும், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு மறுநாள் செந்தூலில் உங்கள் வீட்டுக் கூடத்தில் நான் கண்டதை அங்கேயே சொல்லியிருக்கலாம். விருந்தினர் நடுவே பெரியவரிடம் குறை பேச மனம் வரவில்லை. பொம்மை ரயில் வாங்கித் தந்தும் பிள்ளை ஏன் விளையாடுவதில்லை என்று என் பாலர் பள்ளிக்கு வரும் பெற்றோரும் அடிக்கடி கேட்பதால், உங்கள் சம்மதத்தோடு பொதுவில் எழுதுகிறேன்.

பேரனுக்கு வாங்கிய மர ரயில் விளையாட்டுப் பெட்டியைத் திறந்ததும், முப்பது ஆண்டுகள் ரயில் பட்டறையில் உழைத்த உங்கள் கை சும்மா இருக்கவில்லை. பாலமும் சுரங்கமும் கிளைப்பாதையுமாக, ஓரிடத்தில்கூடப் பிசகாத தடம் ஒன்றை அரை மணி நேரத்தில் போட்டு முடித்தீர்கள். அந்த நான்கு வயதுக்காரன் இஞ்சினை இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, எழுந்துபோய்ச் சித்தியின் கைப்பேசியைக் கேட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் நாட்டமில்லை என்று நீங்கள் வருத்தப்பட்டீர்கள். நாட்டமெல்லாம் இருந்தது, சித்தப்பா. விளையாட்டைத்தான் நீங்களே விளையாடி முடித்துவிட்டீர்கள்.

ஸ்வீடனின் பிரியோ நிறுவனம் 1958இல் மர ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் அதனோடு பொருந்தும் துண்டுகளைச் செய்கின்றன. தண்டவாளத் துண்டின் ஒரு முனையில் குமிழ், மறுமுனையில் குழி. பக்கவாட்டில் எவ்வளவு தள்ளினாலும் குமிழ் குழிக்குள் போகாது. தூக்கி மேலிருந்து இறக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை இதைக் கண்டுபிடிப்பதை நான் வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் தள்ளும், துண்டு வழுக்கிக்கொண்டு நகரும், இன்னும் வேகமாகத் தள்ளும், பிறகு நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் கையை நீட்டாமல் உட்கார்ந்திருப்பது ஆசிரியருக்கே சிரமம். ஆனால் ஒரு கை ஒரு துண்டை அழுத்திப் பிடிக்க, மறு கை இன்னொன்றை இறக்க, இரண்டும் வெவ்வேறு வேலையைச் சேர்ந்து செய்யப் பழகுவது அப்போதுதான். நாளைக்குத் தாளைப் பிடித்துக்கொண்டு எழுதவும் சட்டைப் பொத்தான் போடவும் அந்தப் பழக்கம்தான் வேண்டும்.

வளைவுத் துண்டுகளில் இன்னும் சுவை இருக்கிறது. பெரிய வளைவு ஒவ்வொன்றும் 45 பாகை. எட்டும் ஒரே பக்கமாகத் திரும்பினால் வட்டம் மூடும். இரு பக்கமும் பள்ளம் வெட்டிய துண்டாக இருந்தால், ஒன்றைப் புரட்டிப் போட்டாலே தடம் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். எங்கே தவறியது என்று தேடிக் கழற்றி, திருப்பி, மறுபடியும் வைத்துப் பார்க்கும் பிள்ளை, வடிவத்தை மனத்துக்குள்ளேயே சுழற்றிப் பார்க்கப் பழகுகிறது. பட்டறையில் நீங்கள் சகிக்க மாட்டாத அந்த ஆட்டம், இணைப்புகளில் இருக்கும் தளர்ச்சி, இங்கே ஒரு சலுகை: சிறு கோணல் இருந்தாலும் தடம் ஒருவாறு சேர்ந்துகொள்ளும்.

ரயிலின் பெட்டிகளை இணைக்கும் காந்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருப்பி வைத்த பெட்டி தொடாமலே விலகி ஓடுவதைக் கண்டு என் மாணவி ஒருத்தி, "டீச்சர், இது கோவிச்சிக்கிச்சு" என்றாள். அறிவியல் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஆனால் கழன்றுவிட்ட காந்தங்கள் இரண்டை ஒரு குழந்தை விழுங்கினால், அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து, துளையே போட்டுவிடும். உங்கள் வீட்டில் தவழும் சின்னவளும் இருப்பதால் காந்தங்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அப்படி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

விலையைக் கேட்டுச் சித்தி முகம் சுளித்தது நினைவிருக்கிறது. பால் வற்றிய பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வெட்டியபின் அந்தப் பலகையில் செய்யும் மர விளையாட்டுப் பொருள்களும் சந்தையில் உண்டு. தோட்டத்தில் பிறந்த சித்திக்கு அதைச் சொல்லுங்கள், கோபம் கொஞ்சம் தணியலாம்.

அப்படியானால் உங்களுக்கு என்ன வேலை என்பீர்கள். பேச்சுத்தான். பள்ளியில் நாள் முழுக்க ஆங்கிலமும் மலாயும் கேட்கும் பிள்ளைக்குத் தண்டவாளம், சுரங்கம், வளைவு, மேடு, "இதற்கு அடுத்தது", "அதற்கு அடியில்" என்ற சொற்களெல்லாம் உங்கள் வாயிலிருந்து வரட்டும். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய மலாயாவின் முதல் ரயிலைப் பற்றி எங்களுக்குச் சொன்னீர்களே, அதை அவனுக்கும் சொல்லுங்கள். எதிர்வீட்டுப் பையனையும் கூப்பிடுங்கள். முதலில் இருவரும் அருகருகே உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். இருக்கும் ஒரே பாலத்துக்கு இருவரும் கை நீட்டும்போதுதான் பேரம் பேசக் கற்பார்கள். சண்டை அடிதடிக்குப் போகாதவரை நீங்கள் நடுவராக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எங்கள் பள்ளியில் உபரியாகக் கிடக்கும், தடத்தை இரண்டாகப் பிரிக்கும் பாயிண்ட் துண்டுகள் இரண்டைக் கொண்டுவருகிறேன்; அவனிடமே கொடுத்துவிடுங்கள். அதுவரை சோபாவுக்கு அடியில் அவன் பாதியில் விட்டுப்போகும் தடத்தை வீடு பெருக்கும்போது எடுத்துவிட வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்
கோலாலம்பூர்