‘ஆர்.டி.ஓ. அப்ரூவ்ட்’ என்று சொல்லும் கடைக்காரர்களுக்கு

சேலத்தில் கார் ஆக்சஸரீஸ் கடையும் பெட்ரோல் காரைக் காஸில் ஓட்டுவதற்கான காஸ் கிட் பொருத்தும் பட்டறையும் நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கு, வணக்கம்.

நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து நஷ்டக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஏற்காடு மலைப்பாதையில் இடித்தது, சீலநாயக்கன்பட்டி பைபாஸில் மோதியது என்று எல்லா வண்டியும் கண்ணில் படும். கம்பெனி போடாத சாமான் ஏதாவது வண்டியில் இருந்தால், இது எப்படி வந்தது என்று கேட்பேன். “கடையில ஆர்.டி.ஓ. அப்ரூவ்ட்னு சொன்னாங்க சார்” என்பார்கள். அப்படிச் சொல்லி விற்பதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் எந்த விளக்குக்கும் வீலுக்கும் கிட்டுக்கும் அப்ரூவல் கொடுப்பதில்லை. சாமானைச் சோதித்துச் சான்று தருவது புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட், நம் மாநிலத்திலேயே ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையங்கள். காஸ் சிலிண்டர் என்றால் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை. ஆர்.டி.ஓ. ஆபீஸின் வேலை இதற்கெல்லாம் பிறகு வருகிறது: சட்டம் விடுகிற மாற்றம்தானா, சான்று இந்த வண்டிக்கு உரியதா என்று பார்த்து ஆர்.சி.யில் ஏற்றுவது. ஏற்றாத வரைக்கும் உங்கள் சான்று பீரோவில் இருக்கும் காகிதம்தான்.

முதலில் விளக்கு. ஹெட்லைட் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதைக் காட்டி ‘யூரோப் அப்ரூவல்’ என்கிறீர்கள். சான்று கொடுத்த நாடு எது என்பதை அந்த எண் சொல்லும்: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். அந்த நாட்டில் செய்த சாமான் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. சீனாவில் செய்த விளக்கிலும் 4 இருக்கலாம். இந்த முத்திரை 1958-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கைப்படி வருவது. இந்தியா அதில் சேரவில்லை. 2006-ல் சேர்ந்தது 1998-ஆம் ஆண்டின் வேறோர் உடன்படிக்கையில். அதனால் நமக்கென்று ஓர் ஈ எண்ணே கிடையாது.

ஆனாலும் அந்தக் கண்ணாடியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஹெச், சி, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால், ஹாலஜன் பல்பைப் போட்டு டிம், பிரைட் இரண்டையும் சோதித்த விளக்கு. அந்தக் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பைத் திணித்த பிறகு அந்த எழுத்துகளுக்கு மதிப்பில்லை. ஹெச் 4 பல்பு 60/55 வாட். ‘மலைக்கு நல்லா அடிக்கும்’ என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கும் 100/90 அந்த வகையிலேயே சேராது.

அப்புறம் அம்புக்குறி. இதைச் சொல்லித் தரும் கடையை நான் பார்த்ததில்லை. விளக்குக்கு எதிரே நின்று பாருங்கள். அம்பு உங்கள் வலப்பக்கம் காட்டினால், நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கு. இரண்டு பக்கமும் முனை இருந்தால் இரண்டு மாதிரி நாட்டுக்கும் மாற்றி வைக்கலாம். ஈ முத்திரை இருந்து அம்பு இல்லை என்றால் அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கு. அதன் டிம் வெளிச்சம் வலப்பக்கம் ஏறி அடிக்கும், அதாவது இங்கே எதிரே வருகிறவர் கண்ணில். 20 கொண்டை ஊசி வளைவுள்ள சாலையில், ராத்திரி இறங்குகிறவனுக்கு அது என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூடுபனிக் காலத்தில் ஏற்காட்டுக்காரர்கள் ஃபாக் லைட் கேட்டு வருவார்கள். நியாயமான தேவை. ஃபாக் லைட்டாகவே சோதித்த விளக்கில் பி அல்லது எஃப் 3 என்று இருக்கும். எழுத்தே இல்லாத எல்.இ.டி. பாரை அந்தப் பெயரில் கொடுக்காதீர்கள். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டு ஓட்டுகிறவர் முகத்துக்கே திரும்புகிறது.

அலாய் வீலில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்று வார்த்திருப்பதைக் ‘கவர்மென்ட் சீல்’ என்கிறீர்கள். இரண்டும் ஜப்பான் முத்திரைகள். முதலாவதை வீல் செய்கிற கம்பெனியே தன் பொறுப்பில் போட்டுக்கொள்ளும். இரண்டாவது அந்நாட்டில் தனி அமைப்பு சரிபார்த்ததற்கு அடையாளம். வீல் உறுதியானது என்று தெரிந்துகொள்ளலாம். உங்கள் வாடிக்கையாளர் காருக்கு அது பொருந்துமா என்பது அதில் இல்லை.

வண்டி முன்னால் கட்டும் கம்பித் தடுப்பான புல் பாருக்கு எந்தக் குறியீடும் துணைக்கு வராது, 2017 டிசம்பரிலேயே அதைத் தடுக்கச் சொல்லி மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சன் ஃபிலிம் சண்டைக்குள் நான் வரவில்லை, அது தனிக் கதை.

காஸ் கிட்டில்தான் குடும்பமே நஷ்டப்படுகிறது. ஒரு காபித் தோட்டக்காரரின் கார் என்னிடம் வந்தது. கிட் அசல், சான்றும் அசல். ஆனால் சான்று வேறு கொள்ளளவுள்ள இன்ஜினுக்கானது. ஆர்.சி.யில் எரிபொருள் ‘பெட்ரோல்’ என்றே இருந்தது. பாலிசியில் கிட் பற்றி ஒரு வரி கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. பொருத்திய பட்டறைக்காரர் அவருக்குக் கொடுத்திருந்தது சான்றின் முதல் பக்க ஜெராக்ஸ் மட்டும். எந்த வண்டிகளுக்குச் செல்லும் என்பது இணைப்புப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது?

கிட்டுக்கான சான்று 3 ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு கம்பெனி புதுப்பிக்க வேண்டும். பொருத்துகிற தேதியில் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சி.என்.ஜி. சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீர் அழுத்தச் சோதனை உண்டு. தேதி தகட்டில் இருக்கும். பாலிசியில் ஏற்றுவதும் பெரிய செலவில்லை: பழைய மோட்டார் டாரிஃபில், அதாவது பிரீமியம் அட்டவணையில், ஐ.எம்.டி. 25 என்ற பிரிவுப்படி கூடுதல் பிரீமியம் கிட் மதிப்பில் 4 சதவீதம், மூன்றாம் நபர் பங்குக்கு 60 ரூபாய். இதைச் சொல்லாமல் விட்டதற்கு அந்தத் தோட்டக்காரர் கொடுத்த விலை ஒரு கார்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி என்று எரிபொருள் மாற்றுவதற்கும், மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைப்பதற்கும் நிபந்தனைகளோடு வழி இருக்கிறது. மீறினால் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே பிரிவு உங்களையும் விடவில்லை. பாதுகாப்புக்கு முக்கியம் என்று அரசு அறிவித்த பாகத்தைத் தரமில்லாமல் விற்றால் ஒரு பாகத்துக்கு 1 லட்சம் ரூபாய், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆஸ்திரேலியாவில் செய்கிற வேலைக்கே குறியீடு வைத்திருக்கிறார்கள். எல்.ஏ. என்றால் இன்ஜின், எல்.ஜி. பிரேக், எல்.எஸ். டயர், சஸ்பென்ஷன், ஸ்டியரிங். அனுமதி பெற்றவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால், அந்தக் குறியீடு வண்டியில் தகடாக ஏறும். அப்படி ஒரு முறை இங்கே வருமா என்று அரசைக் கேட்க வேண்டும், அதற்கு வேறு மடல் எழுதலாம். உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம்.

அடுத்த முறை பில் புத்தகம் அச்சடிக்கும்போது இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். ஒன்றில் சான்று எண், கொடுத்த நிலையம், எந்த மாடலுக்கு, எந்தத் தேதி வரை. மற்றொன்றில் ‘ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’. காஸ் கிட் என்றால் இணைப்புப் பக்கத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். எழுத எண்ணே இல்லாத சாமான் என்றால் ‘சான்று இல்லை’ என்று எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் பார்த்துவிட்டு வாங்குகிறவர் வாங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு சர்வேயர்,
சேலம்.