‘குடும்பத் தகராறு’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனைவிக்கு வெட்டு விழுந்தாலும், வயதான தாயை வீட்டை விட்டுத் துரத்தினாலும் தலைப்பில் ‘குடும்பத் தகராறு’ என்றே போடுகிறீர்கள். உங்கள் நாளிதழ் மட்டுமல்ல, எல்லோரும்தான். தகராறு என்றால் இரண்டு பேர் சரிக்குச் சரி நின்று மல்லுக்கட்டுவது. வரப்புத் தகராறு, குழாயடித் தகராறு மாதிரி. ஒருவர் அடிக்க, ஒருவர் வாங்கிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பெயர் ஒட்டாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியவில்லை. பேப்பரில் வருகிற அதே சொல்தான் காவல் நிலைய மனுவிலும் கோர்ட்டு மனுவிலும் ஏறுகிறது. “எனக்கும் என் கணவருக்கும் குடும்பத் தகராறு இருந்துவருகிறது” என்று தொடங்குகிற மனுவைக் கையில் வாங்கும் நடுவர் (மாஜிஸ்திரேட்) எதைத் தடுத்து உத்தரவு போடுவார்? என்ன நடந்தது என்று அதில் ஒரு வரிகூட இருக்காது.

புகாரோடு போகிற பெண்ணிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “அடிச்சாரா?” இல்லை என்றால், “அப்புறம் என்னம்மா, அனுசரிச்சுப் போ.” ஆனால் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (26.10.2006 முதல் நடைமுறையில் இருக்கிறது) உடலைத் தாக்குவது, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, பணத்தாலும் பொருளாலும் நெருக்குவது என்று நான்கையும் வன்முறை என்றே சொல்கிறது. பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டிக்கொண்டே இருப்பதும், “உன் தம்பியை வெட்டிப்போடுவேன்” என்று திரும்பத் திரும்ப மிரட்டுவதும் அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலேயே இருக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதை இன்றைய குற்றவியல் சட்டம் வல்லுறவாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் அதற்கு வழியே இல்லை என்று பல வக்கீல் குமாஸ்தாக்களே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். 2005 சட்டத்தில் அது பாலியல் கொடுமை. இனி அப்படிச் செய்யக் கூடாது என்று நடுவர் தடுத்துப் போடும் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

யார் கண்ணிலும் படாதது பண நெருக்கடிதான். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்ணின் வாரக் கூலியைக் கணவனே முதலாளியிடம் நேராகப் போய் வாங்கிக்கொள்வான். துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிறவளின் முந்தானை முடிச்சில் இருப்பது மறுநாள் ஏலத்துக்கான முதல். ராத்திரி அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டால் போவது அன்றைய காசு மட்டுமல்ல, அடுத்த நாள் பிழைப்பும்தான். குழுக்கடனில் கையெழுத்து அவளுடையது, வண்டி அவனுடையது, தவணை கேட்டு வாசலில் நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது மறுபடி அவள். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அவள் கணக்கில்தான் ஏறுகிறது, ஏ.டி.எம். கார்டு அவன் சட்டைப்பையில். ஆதாரையும் ரேஷன் கார்டையும் பூட்டி வைப்பது, நகையை அவளுக்குத் தெரியாமல் மறு அடகு வைப்பது, அரிசி டப்பாவுக்குப் பூட்டு போடுவது, இவை எதற்கும் காயம் இருக்காது. ஆகவே சாட்சியாக வேறு ஏதாவது வேண்டும். வங்கிப் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கி வைப்பது, அடகு ரசீதைக் கைபேசியில் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பிவிடுவது, நகை போட்டிருக்கும் கல்யாண ஆல்பத்தைத் தாய்வீட்டில் கொடுத்து வைப்பது. சீர் நகையைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிட நடுவருக்கு அதிகாரம் உண்டு. என்னென்ன நகை, எத்தனை பவுன் என்று பட்டியல் இல்லாததால்தான் அந்தக் கோரிக்கை பெரும்பாலும் விழுந்துபோகிறது.

அடுத்து ஆஸ்பத்திரி. கூடவே கணவன் நிற்க, “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் அதை அப்படியே எழுதுவார். ஆறு மாதம் கழித்து அந்தச் சீட்டையே எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டுவார். யார், எதனால் அடித்தார் என்பதைத் தனியாக இருக்கும்போது டாக்டரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். என்கிறார்களே அதில், ஏற்றச் சொல்ல வேண்டும். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தடமே இல்லாமலும் போகலாம். குரல் கம்முவது, எச்சில் விழுங்க வலிப்பது, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிவது, தன்னையறியாமல் சிறுநீர் போனது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஒருமுறை கழுத்தில் கை வைத்தவனிடம் உயிர் போகும் ஆபத்து பல மடங்கு அதிகம் என்பதால், இதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

எழுதும் விதம் ஒன்று உண்டு. ‘எப்போதும் அடிப்பார்’ நிற்காது. ‘ஆடிப்பெருக்குக்கு முந்தின ராத்திரி, அடுப்படியில், சோற்றுக் கரண்டியால் இடது முழங்கையில் அடித்தார், பெரிய மகள் பார்த்தாள்’ என்பது நிற்கும். தேதி நினைவில்லாவிட்டால் திருவிழா, பரீட்சை, மழை என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்துச் சொல்லலாம். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். எண்ணோடு (மனுவைப் பதிவேட்டில் ஏற்றியதற்கான எண்) ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. ‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்று எழுதி வாங்குகிற வெள்ளைத்தாள் எந்தக் கணக்கிலும் சேராது.

நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, வேறு அரசு. புருஷன் வீடு பாகூர், தாய்வீடு கடலூர் என்றால் இங்கே போனால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இங்கே. 2005 சட்டத்தின் 27-ஆம் பிரிவு, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவர் மன்றத்திலேயே மனு போடலாம் என்கிறது; அந்த உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எந்த நிலையத்திலும் வழக்குப் பதியலாம், எல்லை ஒரு காரணமே இல்லை.

இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் படிவம் எண் 1-இல் சம்பவ அறிக்கை எழுதித் தருவார். அது இல்லாமலும் மனு செல்லும் என்று 2022-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவோடு படிவம் எண் 3-இல் பிரமாணப் பத்திரம் வைத்தால் இடைக்கால உத்தரவு உடனே கேட்கலாம். முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள் என்பதும் அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்பதும் ஏட்டில் இருக்கின்றன. இழுப்பது பெரும்பாலும் நோட்டீஸ் சேராததால். வீட்டு முகவரி மட்டும் போதாது. வேலை செய்யும் கம்பெனி, ஷிப்ட், வண்டி எண் வரை கொடுங்கள். இலவச வக்கீலுக்குப் பெண்களிடம் வருமானச் சான்று கேட்க முடியாது. “வீடு மாமனார் பேர்ல இருக்கு” என்பதாலேயே அவளை வெளியே தள்ள முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. இன்னொன்று, “அவர் ஜெயிலுக்குப் போயிடுவாரோ” என்று பயந்தே பலர் வருவதில்லை. இந்த மனுவால் யாரும் கைதாவதில்லை. போட்ட பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முதியோருக்கு 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது, கோட்டாட்சியரிடம் மனு. பிள்ளைக்குச் சொத்தைத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுக்கும்போது ‘கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற வரியை விடாமல் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால், சோறு போடாத மகனிடமிருந்து பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பது எளிது. குழந்தைகளைப் பற்றி ஒன்றுதான்: சத்தம் தொடங்கியதும் எழுந்துபோய் டி.வி. ஒலியைக் கூட்டுகிற பிள்ளைக்கு எல்லாம் தெரியும். ‘அது சின்னது, ஒண்ணும் புரியாது’ என்பது பெரியவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்வது.

பக்கத்து வீட்டுக்காரர்களும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்று 2005 சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. ஆகவே இத்தகைய செய்திக்குக் கீழே ஒரு சிறு கட்டம் போடுங்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. தலைப்பில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: ‘கணவன் வெட்டினான்’, ‘மகன் துரத்தினான்’. உயிரோடு இருக்கும் பெண்ணின் தெருப் பெயரும் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயரும் வேண்டாம். அவள் நாளைக்கும் அதே தெருவில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
குடும்ப ஆலோசனைப் பணியாளர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.