பதற்ற நாட்களில் தங்கமும் சரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகச் சந்தைகள் ஆட்டம் காணும்போதெல்லாம் 'பங்குகள் சரிவு, தங்கம் ஏற்றம்' என்று வணிகப் பக்கங்களில் செய்தி வருகிறது. கூடவே, தங்கம் வாங்க இதுவே நேரம் என்று ஆலோசனையும். பெரிய நெருக்கடியின் முதல் சில வாரங்களில் தங்கமும் சேர்ந்தே விழலாம் என்பதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

2020 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா பயத்தில் பங்குகள் நொறுங்கிய அந்த நாட்களில், அவுன்ஸ் 1,700 டாலரைத் தொட்ட தங்கம் சுமார் பத்து நாட்களில் 1,500-க்குக் கீழே வந்தது. தங்கத்தின் மீது நம்பிக்கை போனதால் அல்ல. கடன் வாங்கிப் பங்குகளில் போட்டிருந்த பெரிய முதலீட்டாளர்களிடம், பங்கு விலை இறங்கியதால், கடன் கொடுத்தவர்கள் கூடுதல் மார்ஜின் பணம் (கடனுக்கு ஈடாகக் கட்டும் தொகை) கேட்டார்கள். உடனே டாலர் கட்டியாக வேண்டும். கேட்டவுடன் விலைபோவது தங்கம், அதை விற்றார்கள். மார்ச் 23-ல் அமெரிக்க மத்திய வங்கி, சந்தையில் டாலர் தட்டுப்பாடு தீரும்படி, தேவைப்படும் அளவுக்குக் கடன் பத்திரங்களை வாங்குவதாக அறிவித்தது. அப்புறம்தான் விலை உறுதியாக ஏறி, ஆகஸ்டில் 2,000 டாலரைத் தாண்டியது. 2008-லும் இதே போக்குதான். மார்ச்சில் 1,000 டாலரைத் தாண்டிய தங்கம், லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானதற்கு அடுத்த மாதம் 700 டாலர் அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு டாலர் மதிப்பு சுமார் 40 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்குப் போனதால், நம் நகைக்கடைகளில் அந்தச் சரிவு அவ்வளவாகத் தெரியவில்லை.

வெள்ளி இன்னும் வேகமாக விழும். அதன் தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளிலிருந்து வருவது; உற்பத்தி முடங்கும் என்ற பயம் வந்தால் விலையும் விழும். 2020 மார்ச்சில் அவுன்ஸ் 17 டாலரிலிருந்து 12-க்கும் கீழே போனது.

எனக்குப் பெரிய கவலை நகைக்கடன் வாங்கியவர்களைப் பற்றித்தான். 2020 ஆகஸ்டில், விலை உச்சத்தில் இருந்தபோது, வங்கிகள் நகை மதிப்பில் 75 சதவீதத்துக்குப் பதில் 90 சதவீதம் வரை கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஊரடங்கில் வருமானம் இழந்தவர்களுக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் 10 கிராம் 56,000 ரூபாயைத் தொட்டிருந்த தங்கம் 2021 மார்ச்சில் சுமார் 45,000-க்கு வந்துவிட்டது. உச்சத்தில் ஒரு லட்சம் ரூபாய் நகைக்கு 90,000 வாங்கியவரின் நகை மதிப்பு சுமார் 80,000 ஆகிவிட்டது. அதற்கு மேல் வட்டி வேறு. இப்படிப்பட்ட நிலையில் கூடுதல் பணம் கட்டச் சொல்வார்கள், முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். 2025 ஜூனில் வந்த விதிகளும் 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 85 சதவீதம் வரை அனுமதிக்கின்றன.

ஆகவே, அடுத்த முறை விலை உயர்வைத் தலைப்பில் போடும்போது, 2008, 2020 சரிவுகளையும், நகை மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் வாங்கினால் எவ்வளவு விலைச் சரிவைத் தாங்கலாம் என்ற கணக்கையும் பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி