வயிற்றோடு நிற்காத தொற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கெட்டுப்போன உணவால் வரும் நோய்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கை கழுவுவது, மிச்ச உணவை நன்றாகச் சூடாக்குவது, உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிப்பது என்று வேண்டியதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும் என்ற வரியோடு கட்டுரை முடிந்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் சரியாகும், அதை மறுக்கவில்லை. நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சரியாகாமல் போன அந்தச் சிலரின் மாதிரிகள்தான் எங்கள் மேசைக்கு வரும். அதனால் கட்டுரை விட்ட இடத்திலிருந்து, உணவால் வரும் சில தொற்றுகள் மூளையையும் நரம்பையும் தாக்குவது பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

என் குறை இதுதான். வயிற்றுப்போக்கு என்று போனால் டாக்டர் முதலில் கேட்பது "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று. அதுவே குழப்பமாகப் பேசுகிறார், நடை தள்ளாடுகிறது, முகம் ஒரு பக்கம் கோணுகிறது என்று அழைத்துப் போனால் அந்தக் கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. வீட்டார் தாங்களாகச் சொல்வதும் இல்லை. வயிற்றுக் கோளாறு எப்போதோ நின்றுபோயிருக்கும், அல்லது வயிற்றில் ஒன்றுமே தெரிந்திருக்காது. அப்படியிருக்க இரண்டையும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

இதற்கு முதல் உதாரணம் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா. கொதிக்கவைக்காத பால், அதில் செய்த மென்மையான பாலாடைக்கட்டி, பதப்படுத்தி அப்படியே சாப்பிடும் இறைச்சி ஆகியவற்றில் இது இருக்கலாம். குடலின் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குப் போய், நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அங்கே நம் செல்லின் புரதத்தையே பின்னால் வால் போலக் கோத்துக்கொண்டு, அந்த உந்துதலில் பக்கத்துச் செல்லுக்குள் நேராகப் பாய்ந்துவிடும். வெளியே தலைகாட்டாததால் எதிர்ப்புப் பொருள்கள் அதைப் பிடிப்பது கடினம். மூளையைச் சுற்றியுள்ள காவலைத் தாண்டுவதும் இந்தத் தந்திரத்தால்தான். சாப்பிட்டதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே சில வாரங்கள் ஓடிவிடலாம். 70 நாள் வரைகூடப் போகும் என்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் தின்றது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஆய்வகத்திலும் இது எளிதில் ஏமாற்றும். முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீர் ஒரு சிறு குப்பியில் வரும். கிருமிகளை நிறத்தால் பிரித்துக் காட்டும் "கிராம்" என்ற சாயத்தைப் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஊதா நிறத்தில் குட்டைக் குட்டையான குச்சிகள் தெரியும். நம் தோலில் சாதுவாக வாழும் டிப்தீராய்டு கிருமிகளும் பார்வைக்குக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது என்று ஒதுக்கிவிட்டால் கதை முடிந்தது. அதனால் அறை வெப்பத்தில் வளர்த்த திரவத்தில் ஒரு சொட்டு எடுத்து உயிரோடு பார்ப்போம். லிஸ்டீரியா என்றால் அப்படியே கரணம் அடித்துக்கொண்டு உருளும். 37 டிகிரியில் வைத்து வளர்த்தால் இந்த ஆட்டம் கிட்டத்தட்ட அடங்கிவிடும்.

இன்னொரு பழைய முறையும் உண்டு. சந்தேகமான மாதிரியை 4 டிகிரி குளிரில் வாரக்கணக்கில் வைத்துவிடுவார்கள். மற்ற கிருமிகள் குளிரில் முடங்கிக் கிடக்க, லிஸ்டீரியா மட்டும் மெதுவாகப் பெருகி மேலே வரும். அதாவது, ஃப்ரிட்ஜில்தானே இருக்கிறது, கெடாது என்று நாம் நம்பும் அதே குளிரைத்தான் இதை வளர்க்க ஆய்வகம் பயன்படுத்தியது. உள்வரை 70 டிகிரிக்கு மேல் சூடேறும்படி சமைத்தால் செத்துவிடும். சமைத்த பிறகு மறுபடி ஒட்டிக்கொண்டால்தான் வம்பு.

2017-18இல் தென்னாப்பிரிக்காவில் நடந்தது அதுதான். பொலோனி என்கிற பதப்படுத்திய இறைச்சியால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு லிஸ்டீரியா தொற்றி, 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் ஏராளம். கர்ப்பிணிக்கு இது லேசான காய்ச்சலாக வந்து போய்விடும். கருவுக்கோ பிறக்கும் குழந்தைக்கோதான் ஆபத்து. முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் மூளையுறைக் காய்ச்சலாக வரும். ஆரோக்கியமாக இருந்த ஒருவருக்கு மூளைத்தண்டில் இறங்கினால், சில நாள் தலைவலி, காய்ச்சல், வாந்தி. அப்புறம் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். பக்கவாதம் என்றே முதலில் நினைப்பார்கள்.

மருந்து விஷயத்திலும் ஒரு சிக்கல். மூளையுறைக் காய்ச்சல் என்றதும் வழக்கமாகக் கொடுக்கும் செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகள் லிஸ்டீரியாவிடம் எடுபடாது. ஆம்பிசிலின் சேர்க்க வேண்டும். அதனால்தான் 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதை முதலிலேயே சேர்த்துவிடுகிறார்கள். மற்றவர்கள் விஷயத்தில் டாக்டருக்குச் சந்தேகம் வர, சாப்பிட்ட விவரம்தான் துப்பு.

கேம்பைலோபாக்டர் வேறு வழியில் தொல்லை தரும். சரியாக வேகாத கோழிக்கறியில் அதிகம் வரும் கிருமி இது. மூளைக்கே போகாது. இதன் மேலுறையின் ஒரு பகுதி நம் நரம்பின் மேலுள்ள ஒரு பொருளை ஒத்திருப்பதால், கிருமியை விரட்ட உடல் தயாரித்த எதிர்ப்புப் பொருள்கள் ஆள் மாறி நரம்பையே தாக்கத் தொடங்கும். கியான், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் 1916இல் விவரித்த நோய். இன்று கியான்-பாரே என்கிறோம். வயிற்றுப்போக்கு நின்று ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் காலில் மதமதப்பு, படியேற முடியாமை, அப்புறம் கை, முகம், மூச்சு என்று மேலே ஏறும். கேம்பைலோபாக்டர் தொற்றியவர்களில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இப்படி ஆகும் என்பதால் ஒவ்வொரு வயிற்றுப்போக்குக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒருவர் "சத்துக் குறைவாக இருக்கும்" என்று டானிக் குடித்துக்கொண்டு வீட்டிலிருந்தால் மூச்சுத் தசை வரை போய்விடும்.

நினைவை நம்பி மட்டும் இருக்க முடியாது என்பதற்கு 2011 ஜெர்மனி ஒரு பாடம். ஈ.கோலை என்ற குடல் கிருமியின் ஓ104 வகை பரவி ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் நச்சு, இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்தது. அப்படிச் சிறுநீரகம் கெட்டவர்களில் பலருக்குக் குழப்பம், பேச்சுத் திணறல், வலிப்பு என்று மூளையும் பாதிக்கப்பட்டது. முதலில் பழி ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் விழுந்தது. உண்மைக் காரணம் முளைகட்டிய வெந்தயம். சாப்பாட்டின் மேல் தூவியிருந்த முளைகள் பலருக்கு நினைவிலேயே இல்லை. நோயுற்றவர்கள் சாப்பிட்ட உணவகத்தின் சமையல்காரர்களிடம் எந்தத் தட்டில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்ட பிறகுதான் பிடி கிடைத்தது.

போட்டுலினம் என்ற கிருமியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் தகவலை இதன் நச்சு நிறுத்திவிடும். இமை தொங்கும், நாக்கு குழறும், விழுங்க முடியாது, ஆனால் நினைவு தெளிவாக இருக்கும். ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தேன் தடவக் கூடாது என்பது இதனால்தான். ஷிகெல்லா சீதபேதியில் சிறுபிள்ளைகளுக்கு வலிப்பு வருவதும், முற்றிய டைஃபாய்டில் நோயாளி பிதற்றுவதும் பழைய டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகள்.

கட்டுரையின் தொடர்ச்சி வருமானால் ஒரு சிறு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். கழுத்து விறைப்பு, புதுக் குழப்பம், வலிப்பு, இரட்டைப் பார்வை, காலிலிருந்து ஏறும் பலவீனம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்; போகும்போது, கடந்த இரண்டு மாதத்தில் வயிற்றுக் கோளாறு வந்ததா, பச்சையாகவோ அரைவேக்காடாகவோ எதையாவது சாப்பிட்டாரா என்று யோசித்துக்கொண்டு போக வேண்டும் என்று அதில் இருந்தால் போதும்.

உங்கள் வாசகர்களில் டாக்டர்களும் இருப்பார்கள். மாதிரியோடு ஆய்வகத்துக்கு வரும் படிவத்தில் நோய் விவரத்துக்கு என்று ஒரு வரி இருக்கும். நான் வேலை பார்த்த காலத்தில் அதில் வழக்கமாக "காய்ச்சல்" என்று மட்டும் இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. "கர்ப்பிணி, காய்ச்சாத பால் குடித்திருக்கிறார்" என்று எழுதியனுப்பினால், அந்த ஊதாக் குச்சிகளைத் தோல் கிருமி என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர், உங்கள் நெடுநாள் வாசகி