பெரி கிளப்புக்கு நேர்ந்தது இனி நேரக் கூடாது

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் கால்பந்து கிளப்புகளைக் கண்காணிக்க 2025 சட்டப்படி தனி ஒழுங்குமுறை அமைப்பு வருவது பற்றிய செய்தியைப் படித்தேன். மிகவும் தாமதம் என்றாலும் முழுமனதோடு வரவேற்கிறேன். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரி (Bury) என்ற சிறு நகரத்தின் கிளப் 1885-இல் தொடங்கியது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பையை 1900, 1903 என இரண்டு முறை வென்றது. 1903 இறுதிப் போட்டியில் டெர்பி கவுண்டியை 6-0 எனத் தோற்கடித்தது. அப்பேர்ப்பட்ட கிளப், ஆடுகளத்தில் வென்று மேல்பிரிவுக்கு ஏறிய சில மாதங்களிலேயே, 2019 ஆகஸ்டில் பணச் சிக்கலால் தொழில்முறை லீகிலிருந்து நீக்கப்பட்டது.

அப்போது வேலை நிமித்தம் மான்செஸ்டரில் இருந்தேன். கிளப்பின் கிக் லேன் மைதானத்துக்குப் போனபோது, பூட்டிய கதவில் ரசிகர்கள் நீலமும் வெள்ளையுமான தங்கள் கழுத்துத் துண்டுகளைக் கட்டியிருந்தார்கள். ஒரு முதியவர் தன் பேரனுடைய துண்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு ரசிகர்களே முயன்று 2023-இல் கீழ்நிலை லீகில் கிளப்பை மீட்டெடுத்தார்கள். சரி, இனியாவது உரிமையாளரின் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்ப்பதோடு, ஒவ்வொரு கிளப்பின் நிர்வாகக் குழுவிலும் ரசிகர் பிரதிநிதி ஒருவருக்கு வாக்குரிமையுள்ள இடம் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

- ஒரு வாசகர், மதுரை