மீன் மனுசன் எப்போ வருவான் என்று கேட்கும் மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் டீசல் விலை, வலை விலை, அத்தையின் முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் "அது சரி, அந்த மீன் மனுசன் படம் வந்துடுச்சாடா?" என்று கேட்டீர்கள். 'கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' என்ற அந்தப் பழைய ஆங்கிலப் படத்தைப் புதிதாக எடுக்கப் போகிறார்கள் என்று நான் சொன்னதிலிருந்து வருஷத்துக்கு நாலு தடவையாவது இதைக் கேட்கிறீர்கள். "இன்னும் வரலை மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன், ஆனால் அது பாதி பதில்தான். மீதியைப் போனில் சொல்லி முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். செல்வியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நம்மைப் போல இந்தப் படத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

முதலில் ஒன்று. செல்வி போனில் வந்த அந்தப் போஸ்டர், பச்சைச் செதிலோடு முகம் தெரிகிறதே, அது பொய். யாரோ கம்ப்யூட்டரில் செய்தது. டிரெய்லர் என்று சுற்றுவதும் அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டு "இது அவன் இல்லையே" என்று நீங்கள் சொன்னதாகச் செல்வி சொன்னாள். சரியாகச் சொன்னீர்கள்.

2018 மீன்பிடித் தடைக்காலம் நினைவிருக்கிறதா மாமா? அதற்கு முந்தின வருஷம்தான் 45 நாளை 61 நாளாக்கியிருந்தார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை படகு உப்பனாற்றில் கட்டிக் கிடக்க, நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தீர்கள். நான் ஐஸ் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து 'கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தைப் போட்டேன். 1954-ல் வந்த படம். கறுப்பு வெள்ளை என்று தெரிந்ததும் "எம்.ஜி.ஆர். படமாடா?" என்று கேட்டுவிட்டு ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் அந்தக் காட்சி வந்தது. வெள்ளை நீச்சல் உடையில் அந்தப் பெண் தண்ணீர் மேல் நீந்திப் போகிறாள், அவளுக்கு நேர் கீழே, அவள் நிழல் மாதிரி, அந்த மீன் மனுசன் மல்லாந்து நீந்திக்கொண்டே வருகிறான். தொடுகிற தூரம், ஆனால் தொடவில்லை. உங்கள் ஊசி நின்றுவிட்டது. நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைத்தான் பார்த்தேன். உங்கள் நெஞ்சு அசையவே இல்லை. அவனோடு சேர்ந்து நீங்களும் மூச்சைப் பிடித்திருந்தீர்கள்.

காட்சி முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு "உள்ள ஆளு இருக்கான்டா. பொம்மை இல்ல. இடுப்புலேர்ந்து உதைக்கிறான் பாரு" என்றீர்கள். அதோடு விடவில்லை. ரப்பர் உடுப்பு மேலே தூக்குமே, இவன் எப்படி அடியில் நிற்கிறான் என்று நீங்களே கேட்டு, "ஈயம் கட்டியிருப்பான்" என்று நீங்களே பதிலும் சொன்னீர்கள். வலைக்கு ஈயம் கட்டித் தண்ணீரில் இறக்குகிற ஆளுக்கு அது தெரியாதா. பிறகு நான் தேடிப் படித்தபோது அப்படியே இருந்தது மாமா, நெஞ்சிலும் தொடையிலும் கணுக்காலிலும் ஈயத் தகடு வைத்துத்தான் இறங்கியிருக்கிறார். அவர் பெயர் ரிக்கோ ப்ரவுனிங். ஃப்ளோரிடாவில் வக்கல்லா ஊற்றில் அந்த நீரடிக் காட்சிகளை எடுத்தபோது அவருக்கு 23 வயசு. உடுப்புக்குள் காற்று உருளை கிடையாது. கேமரா ஓடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது, நின்றதும் பக்கத்தில் இருக்கும் குழாயை வாங்கி இழுத்துக்கொள்வது. நாலு நிமிஷம் வரை தாக்குப்பிடிப்பாராம். கரையில் நடக்கிற மீன் மனுசன் வேறு ஆள், பென் சாப்மன் என்று நல்ல உயரமானவர், அவர் நடந்ததெல்லாம் ஸ்டுடியோவில் போட்ட ஏரிக்கரை. பென் சாப்மன் 2008-ல் போய்விட்டார். ரிக்கோ ப்ரவுனிங் 2023 பிப்ரவரியில், 93 வயசில்.

அன்றைக்குத்தான் உங்கள் முழங்கையில் இருக்கிற அந்த நீளமான தழும்பின் கதையை எனக்குச் சொன்னீர்கள். நடுக்கடலில் ராத்திரி, புரொப்பெல்லரில் கயிறு சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றுவிட, கத்தியை வாயில் கடித்துக்கொண்டு படகுக்கு அடியில் மூணு தடவை இறங்கியது, அடிப்பலகையில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்தது, ரத்தம் வந்ததே மேலே ஏறின பிறகுதான் தெரிந்தது என்று. "தண்ணிக்குள்ள பயப்படுற உடம்பு வேற மாதிரி அசையும்டா, அத நடிக்க முடியாது" என்றீர்கள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக இந்தப் படத்தைப் பற்றி வருகிற ஒவ்வொரு செய்தியையும் பார்க்கிறேன். யார் கதாநாயகன், யார் கதாநாயகி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு வேண்டிய தகவல் ஒன்றுதான்: தண்ணீருக்குள் யார்?

இப்போது வதந்திக் கதைக்கு வருகிறேன். இந்தப் படத்தைத் திரும்ப எடுக்கப் போகிறோம் என்று சொல்ல ஆரம்பித்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது மாமா. 1982 வாக்கில் ஜான் லேண்டிஸ் என்பவர் தயாரிப்பதாகவும், முதல் படத்தை இயக்கின ஜாக் ஆர்னால்டே மறுபடி இயக்குவதாகவும் பேச்சு. கதையெல்லாம் எழுதியாகிவிட்டது, அப்புறம் நின்றுபோனது. பழைய படத்தை எடுத்த யுனிவர்சல் கம்பெனி அதற்குப் பதிலாக 1983-ல் 'ஜாஸ்' என்ற சுறா படத்தின் மூன்றாம் பாகத்தை 3டியில் விட்டது. தொண்ணூறுகளில் ஜான் கார்ப்பென்டர் எடுப்பதாக இருந்தது. அது நடந்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஏங்குகிறேன், ஏனென்றால் ரிக் பேக்கர் என்ற ஒப்பனை மேதை அதற்காக மீன் மனுசன் உருவத்தைச் செதுக்கியே வைத்துவிட்டார். களிமண் வரைக்கும் வந்தவன் தண்ணீர் வரைக்கும் வரவில்லை. அப்புறம் பீட்டர் ஜாக்சனிடம் கேட்டார்கள், அவர் மனசு கிங் காங் என்ற ராட்சதக் குரங்கு மேல் இருந்தது. அதற்கும் அப்புறம் ப்ரெக் ஐஸ்னர், அமேசானுக்கே போய் எடுப்போம் என்றார், 2007 கடைசியில் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வர அதுவும் தள்ளிப்போய்க் காணாமல் போனது.

2017-ல் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. பழைய பூதங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே வரிசையில் படங்கள் எடுக்கிறோம் என்று பெயர் வைத்து, பெரிய நடிகர்களை நிறுத்திப் போட்டோவும் எடுத்து விட்டார்கள். முதலில் வந்த மம்மி படத்துக்கு 12 கோடி டாலருக்கு மேல் செலவு. ஓடவில்லை. வரிசை மொத்தமும் அதோடு போனது, நம்ம ஆளும் சேர்ந்து போனான். அதே வருஷம் வேறொன்று நடந்தது பாருங்கள். கியர்மோ டெல் டோரோ என்ற மெக்சிகோக்காரர், சின்ன வயசில் அந்த நீச்சல் காட்சியைப் பார்த்து, அவனும் அவளும் சேர்ந்துவிட மாட்டார்களா என்று ஏங்கினவர், யுனிவர்சலிடம் போய்த் தன் யோசனையைச் சொல்லி, அவர்கள் ஒத்துக்கொள்ளாமல், கடைசியில் வேறு கம்பெனிக்குத் தானே ஒரு நீர் மனிதன் படம் எடுத்தார். செலவு சுமார் 2 கோடி டாலர்தான். அடுத்த வருஷம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அதற்கு. அதிலும் உடுப்புக்குள் ஆள் இருந்தார் மாமா, டக் ஜோன்ஸ் என்று ஒல்லியான மனிதர். தாடை அசைவதைப் பார்த்தாலே உள்ளே ஒரு உயிர் இருப்பது தெரியும்.

எனக்குத் தெரிந்து நிஜமான செய்தி என்றால் 2024-ல் வந்ததுதான். ஜேம்ஸ் வான் இந்தப் படத்தை இயக்கப் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று ஹாலிவுட் பத்திரிகைகள் எழுதின. பேச்சுவார்த்தைதான், ஷூட்டிங் இல்லை. படகு கட்டுவதற்கு மரம் பார்க்கப் போயிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளைப் பற்றிக் கேட்பீர்கள். மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். பேய்ப் படத்தில் கெட்டிக்காரர். அவருடைய கன்னியாஸ்திரீப் பேய், சிவப்பு முகப் பிசாசு இரண்டிலும் ஒப்பனை போட்ட மனிதர்கள்தான் இருந்தார்கள், அதனால்தான் அப்படிப் பயந்தோம். அதை நினைத்தால் நம்பிக்கை வருகிறது. ஆனால் இவர்தான் 2018-ல் வந்த அக்வாமேன் படத்தையும் எடுத்தவர். அதில் கடலுக்கு அடியில் வருகிற காட்சிகளில் நடிகர்களைத் தண்ணீர் இல்லாத இடத்தில் கம்பியில் தொங்கவிட்டு எடுத்து, தலைமுடி அலைவதைக் கூட கம்ப்யூட்டரில் போட்டார்கள். செல்வி உங்களுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியபோது பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டீர்களாமே, "இவனுங்க நனையவே இல்லயே" என்று. என் பயமும் அதுதான். இப்போது முடியாத காரியமும் இல்லை. 2022-ல் வந்த அவதார் படத்துக்காக நடிகர்கள் நிஜத் தொட்டியில் மூச்சடக்கப் பழகினார்கள், கேட் வின்ஸ்லெட் ஏழு நிமிஷத்துக்கு மேல் பிடித்தார். அந்த அம்மாவால் முடியும் என்றால் இந்தப் படத்துக்கும் ஒரு ஆள் கிடைக்காமலா போவார்.

கதை விஷயத்திலும் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. இப்போது எடுத்தால் அவனை வெறும் கொலைகாரனாக ஆக்கிவிடுவார்களோ என்று. பழைய படத்தில் தப்பு முதலில் யார் பக்கம் என்று உங்களுக்கு உடனே தெரிந்தது. அந்தப் பெண் படகிலிருந்து சிகரெட்டைத் தண்ணீரில் போடுகிறாள், கேமரா தண்ணீருக்குக் கீழேயிருந்து பார்க்கிறது, அவன் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு விஞ்ஞானிகள் ஏரியில் ரோட்டினோனைக் கரைத்து மீன்களை மயக்குகிறார்கள். அது செடி வேரிலிருந்து எடுக்கிற மருந்து என்று நான் சொன்னதும் "காக்காய்க்கொல்லி விதை போடுற மாதிரி" என்றீர்கள். அப்புறம் உப்பனாற்றில் மீன் வயிற்றைக் காட்டி மிதந்த காலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவன் மரத்தைப் போட்டு ஏரி வாயை அடைத்து அவர்கள் படகை வெளியே விடாமல் செய்தபோதுதான் சிரித்தீர்கள். முகத்துவாரம் மண் மூடிப் படகு வெளியே போக முடியாமல் தவிக்கிற கஷ்டம் தெரிந்தவர் நீங்கள், அவனுக்கு அந்தப் புத்தி இருந்தது உங்களுக்குப் பிடித்துப்போனது. வேரும் கறுப்புத் தண்ணீருமாக அந்த இடமே பிச்சாவரம் மாதிரி இருக்கிறது என்று சொன்னதும் நீங்கள்தான். இப்போது சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போகும்போதெல்லாம் எனக்குக் கீழேயிருந்து யாரோ பார்க்கிற மாதிரிதான் தோன்றுகிறது.

இன்னொரு ஆசையும் உண்டு, இதை அதிகம் பேர் சொல்வதில்லை. அவனை வரைந்து உருவம் கொடுத்தது மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெண். பேர் போனதோ ஒப்பனைத் துறைத் தலைவருக்கு. அந்த அம்மாவுக்கு அங்கே வேலையும் போய்விட்டது. புதுப் படம் வந்தால் முதல் எழுத்திலேயே அவர் பெயர் வர வேண்டும்.

படம் முடிந்து அவன் குண்டடி பட்டுத் தண்ணீருக்குள் இறங்கியதும் "செத்துட்டானா?" என்று கேட்டீர்கள். இன்னும் இரண்டு பாகம் இருக்கிறது, 1955-லும் 56-லும் வந்தது என்றேன். மூன்றாவதில் தீக்காயத்தில் அவன் செவுள் கருகிவிட, டாக்டர்கள் அறுத்துக் காற்றில் மூச்சு விடுகிறவனாக மாற்றிவிடுகிறார்கள், கடைசியில் அவன் கடற்கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே அதை நோக்கி நடக்கிறான், உள்ளே போனால் மூழ்கித்தான் சாவான் என்று கதையைச் சொன்னேன். நீங்கள் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு "அவனக் கடல்லேர்ந்து பிரிச்சுட்டானுங்களேடா" என்றீர்கள். காது ஆபரேஷனுக்கு அப்புறம் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் உங்களிடம் சொல்லி அப்போது ஒரு மாசம் கூட ஆகவில்லை. எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை மாமா. பாண்டிக்குத் திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில்தான் உறைத்தது.

அதனால் இனிமேல் நீங்கள் கேட்கும்போது "இன்னும் வரலை" என்று மட்டும் சொல்லி வைக்க மாட்டேன். மூச்சடக்கத் தெரிந்த ஒரு ஆளை உடுப்புக்குள் போட்டுவிட்டார்கள் என்று நம்பகமான செய்தி வருகிற அன்றைக்கு நானே கூப்பிடுவேன், ராத்திரி பன்னிரண்டு மணி ஆனாலும். படம் வந்ததும் கடலூரில் போடாவிட்டால் பாண்டிக்கு வந்துவிடுங்கள், முக்கால் மணி நேரம்தானே. 3டியில் பார்ப்போம், பழைய படமும் 3டியில் வந்ததுதான். 'மை டியர் குட்டிச்சாத்தான்' ஓடினபோது திரையிலிருந்து நீண்ட ஐஸ்க்ரீமைப் பிடிக்கக் கை நீட்டினவர் நீங்கள் என்று அம்மா இன்னமும் சொல்கிறாள். தடைக்காலத்தில் வந்தால் வசதி. இல்லாவிட்டால் ஒரு நாள் கடலுக்குப் போக வேண்டாம், படகைத் தம்பியிடம் விடுங்கள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நெத்திலிக் கருவாடு போன தடவை கொடுத்தது தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் மருமகன்