பெயர் கேட்காமல் விட்ட சிஸ்டருக்கு

காயத்தில் ஊறும் நீரைக் குப்பிக்கு இழுக்கும் டிரெய்ன் குழாய்களில் கடைசியையும் நேற்று எடுத்துவிட்டார்கள். ஊக்கு குத்தி நைட்டியில் மாட்டியிருந்த அந்தக் குப்பி இல்லாமல், ராத்திரி முதல்முறையாகப் பயமின்றிப் படுத்தேன். இன்று எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன்.

மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் வரை போனது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

பெரிய நன்றிகளை மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். மார்பை எடுத்த மருத்துவருக்கு. அதே மேசையில் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டு புது மார்பு அமைத்து, முடியைவிட மெல்லிய நூலால் ரத்தக் குழாய்களைத் தைத்து இணைத்தவர்களுக்கு. டிரெய்னில் எத்தனை மில்லி என்று தினமும் அளந்து நோட்டில் குறித்து, 30-க்குக் கீழே இறங்கிய அன்று பரீட்சையில் பாஸானதுபோல் கத்திய அக்காவுக்கு. புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்க, நிணநீர்க் கணுவைத் தேடப் போட்ட நீலச் சாயத்தால் சிறுநீர் பச்சையாகப் போக, நான் அரண்டதைப் பார்த்துச் சிரித்து என்னையும் சிரிக்கவைத்த தோழிக்கு. வயிற்றுத் தையல் இழுக்க நான் கூனி நடந்த நாட்களில், தானும் கூனிக்கொண்டே கூட நடந்த என் வீட்டுக்காரருக்கு. “ஆரம்பத்திலேயே தெரிஞ்சது நல்லதாப் போச்சு” என்றவர்களுக்கும்தான். நீங்கள் சொன்னது சரி. அந்த வாரம் மட்டும் என் காதில் ஏறவில்லை.

மீதி, முதல் ராத்திரி டியூட்டியில் இருந்த சிஸ்டருக்கு.

வைத்துத் தைத்த சதைக்கு ரத்தம் ஓடுகிறதா என்று மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். டார்ச் அடித்து நிறம் பார்த்தீர்கள். விரலால் அழுத்தி, வெளுத்த இடம் சிவக்கிறதா என்று பார்த்தீர்கள். ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டீர்கள். மூன்றாவது தடவையோ நான்காவதோ, மயக்கம் முழுதும் தெளியாமலே கேட்டேன்: “அங்க எனக்கு ஒண்ணுமே தெரியல சிஸ்டர், மரத்துக் கெடக்கு. எதுக்குக் கையத் தேய்க்கிறீங்க?”

“உங்களுக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியுதே.”

பிறகு ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்து, சத்தத்தைக் கூட்டி என் பக்கம் திருப்பினீர்கள். உஸ்... உஸ்... “உங்க ரத்தந்தான்க்கா. ஓடுது பாருங்க.”

அதற்கு முந்தைய வாரங்களில் அந்த மார்பைத் தகடுகளுக்கிடையே நசுக்கினார்கள், ஊசியால் குத்தினார்கள், பேனாவால் கோடு போட்டார்கள். எல்லாம் தேவைதான், ஒருவர்மீதும் குறையில்லை. ஆனால் நானே அதை “அந்தப் பக்கம்” என்று சொல்லத் தொடங்கியிருந்தேன், யாருடையதோ மாதிரி. நீங்கள்தான் அதை ஓர் ஆளின் உடம்பாகத் தொட்டீர்கள்.

உங்கள் பெயர் அட்டை திரும்பித் தொங்கியது. காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன். விழித்தபோது வேறு சிஸ்டர் நின்றிருந்தார். டிஸ்சார்ஜ் ஆகும்வரை உங்களைப் பார்க்கவே முடியவில்லை. இனி என் கட்டிலருகே யார் வந்தாலும், வலியைச் சொல்வதற்கு முன் பெயரைக் கேட்பேன்.

புற்று திரும்பாமலிருக்க தமாக்சிஃபென் மாத்திரை 5 வருஷம் என்றிருக்கிறார்கள். கொஞ்ச நாள் போனதும் தழும்பைத் தினமும் நீவிவிடவும் சொன்னார்கள். வயிற்றுத் தழும்பில் தொடங்கியாயிற்று, மார்பில் அடுத்த வாரம். அங்கே இன்னும் உணர்ச்சி வரவில்லை. இப்போதே, ஆடை மாற்றும்போது அந்தப் பக்கம் கை போனால், கொஞ்சம் நின்று உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறேன்.